மொரீசியஸ் தேசிய கால்பந்து அணி

மொரீசியஸ் தேசிய கால்பந்து அணி, இந்தியப் பெருங்கடலில் உள்ள ஆப்பிரிக்கத் தீவு நாடான மொரீசியஸின் ஆண்கள் அணி ஆகும். ஆப்பிரிக்க நாடுகள் கோப்பைக்கு 1974-இல் தகுதி பெற்று, எகிப்தில் ஆடிய மூன்று ஆட்டங்களிலும் தோற்றது.

வரலாறு

அந்நாட்டின் கழகங்கள் நெடுங்காலம் சமூகவாரியாக இயங்கின. இந்து கேடட்ஸ், முஸ்லிம் ஸ்கவுட்ஸ், தமிழ் கேடட்ஸ் என்ற பெயர்களே அதற்குச் சான்று. பின்னர் இத்தகைய பெயர்கள் மாற்றப்பட்டும் ரசிகர்களிடையே பிரிவினை நீங்கவில்லை. 1999 மே 23 அன்று, முஸ்லிம்கள் ஆதரித்த ஸ்கவுட்ஸ், கிரியோல் மக்கள் ஆதரித்த ஃபயர் பிரிகேட் அணிகளின் ஆட்டத்துக்குப் பின் கலவரம் மூண்டது. சூதாட்ட விடுதி ஒன்றுக்கு வைக்கப்பட்ட தீயில் 7 பேர் உயிரிழந்தனர். உள்நாட்டுப் போட்டிகள் நிறுத்தப்பட்டன. கழகங்கள் வட்டாரவாரியாகத் திருத்தியமைக்கப்பட்டன. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 2003-இல் மொரீசியஸில் நடந்த இந்தியப் பெருங்கடல் தீவுகள் விளையாட்டுப் போட்டியில், எல்லாச் சமூகத்தினருக்கும் பொதுவான தேசிய அணி தங்கம் வென்றது.