மதிலுக்கு வெளியே ஒரு துணை

தமிழ்நாட்டில் குடியின் வரலாறு பெரும்பாலும் சட்டத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. 1937இல் சேலம் மாவட்டத்தில் ராஜாஜி கொண்டுவந்த மதுவிலக்கு, 1971இல் அதன் தளர்வு, 2003இல் டாஸ்மாக் சில்லறை விற்பனையைக் கையிலெடுத்தது என எல்லாமே கடையைத் திறப்பதா, மூடுவதா என்ற விவாதங்கள்தாம். குடித்தவர்களே ஒருவரையொருவர் தாங்கிப்பிடித்த இன்னொரு வரலாறும் உண்டு. அதில் சிறைக்கும் இடமிருக்கிறது.

1935 மே மாதம், அமெரிக்காவின் ஏக்ரன் நகரம். குடியை விட்டு ஐந்து மாதங்களே ஆன பில் வில்சன், வந்த வியாபாரம் கைகூடாமல் விடுதியில் தனித்திருந்தார். மதுக்கூடம் அருகிலேயே இருந்தது. பாதிரியார்களைத் தொலைபேசியில் அழைத்து, தன்னைப் போன்ற இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். கிடைத்தவர் மருத்துவர் பாப் ஸ்மித். அவரை மீட்கப் பேசிய பேச்சு தன்னையும் காத்தது என்று வில்சன் உணர்ந்தார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பிறந்தது அந்த அறிதலிலிருந்துதான். 1942இல் சான் குவென்டின் சிறையில் அதன் கூட்டம் நடக்க, சிறை அதிகாரி கிளின்டன் டஃபி இடமளித்தார். 1957இல் அவ்வியக்கம் இந்தியாவுக்கும் வந்தது. குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980இல் சென்னையில் மீட்புச் சிகிச்சைக்கென ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார்.

சிறைக்குள் குடிக்காமலிருப்பது மீட்சி ஆகாது. அங்கே மது எளிதில் கிடைப்பதில்லை, அவ்வளவே. சோதனை விடுதலையன்று தொடங்குகிறது. பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து நாஞ்சில் நாட்டுக்குத் திரும்புகிறவனை எண்ணிப் பாருங்கள். பேருந்து காவல்கிணறு, முப்பந்தல் தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைகிறது. 1809இல் கும்பினிப் படை திருவிதாங்கூரின் எல்லைக்கோட்டையை உடைத்து உள்ளே வந்த வழி அது. காவலற்ற அந்த வாசலுக்கு அப்பால் அவனுக்காகப் பழைய நண்பர்களும் பழைய கடைத்தெருவும் காத்திருக்கின்றன. கூடவே, ஊராரின் பழைய பார்வையும்.

இது வெறும் கற்பனை அச்சமல்ல. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையான 30,237 பேரைத் தொடர்ந்த ஆய்வொன்று 2007இல் வெளியானது. வெளியே வந்த முதல் இரு வாரங்களில் போதைமருந்து மிகையால் அவர்கள் இறக்கும் அபாயம், பிற மக்களைவிட 129 மடங்கு. இடைவெளிக்குப்பின் உடல் பழைய அளவைத் தாங்குவதில்லை என்பது முக்கியக் காரணம்.

ஆகவே சிறைக்குள் நடக்கும் கூட்டத்தின் பெரும்பயன் வெளியில்தான் இருக்கிறது. உள்ளே வந்து பேசுகிறவன் அதிகாரியோ உபதேசியோ அல்லன், தானும் விழுந்து எழுந்தவன். விடுதலைக்கு முன்பே அந்த முகம் பழகியிருந்தால், முதல் மாலையில் செல்வதற்குக் கடையைத் தவிர இன்னோர் இடமும் இருக்கும். கடைகளின் எண்ணிக்கையைப் பற்றி இவ்வளவு பேசிய நாம், அந்த இடங்களின் எண்ணிக்கையைப் பற்றியும் கேட்டிருக்க வேண்டும்.