குழந்தைகளுக்கான தமிழ் எழுத்துப் பயிற்சி

ஐந்து வயதையொட்டிய பிள்ளைகளின் கையைத் தமிழ் எழுத்துகளின் சுழி, வளைவு, கோடுகளுக்குப் பழக்குவதே எழுத்துப் பயிற்சி. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என நெடுங்கணக்கில் 247 எழுத்துகள் உண்டு; கை பழக வேண்டிய வடிவங்கள் அவ்வளவு இல்லை. உயிரும் அகர உயிர்மெய்யும் துணைக்குறிகளும் கைவந்தால் பெரும்பாலானவை வந்துவிடும். உகர, ஊகார வரிசைகள் இதற்கு விலக்கு. கு, டு, நு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் திரும்புவதால் தனித்தனியே எழுதிப் பழக வேண்டும்.

விஜயதசமியன்று தட்டில் பரப்பிய அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதவைக்கும் வழக்கம் இன்றும் உள்ளது. இலங்கைத் தமிழர் இதை ஏடு தொடக்குதல் என்பர். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினார்கள், எழுதும்போதே எழுத்தை உரக்கச் சொன்னார்கள். ஓலையும் எழுத்தாணியும் அதற்குப் பிறகுதான். சென்னை எழும்பூரில் 1789 முதல் ஆண் அனாதை இல்லத்தை நடத்திய ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் இந்த மணல் எழுத்தைக் கண்டு தம் இல்லத்திலும் புகுத்தினார். 1797-இல் அவர் வெளியிட்ட நூலால், மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிக்கும் ‘மெட்ராஸ் முறை’யோடு சேர்ந்து மணல் தட்டும் இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனது. மணலில் பிழை தங்காது. தடவிவிட்டு மறுபடி எழுதலாம். சிலேட்டுக்கும் பலப்பத்துக்கும் இதே நன்மை உண்டு. முதல் நாளே பென்சிலும் நோட்டும் கொடுப்பது அவசரம்.

சொல்லும் வரிசையும் எழுதும் வரிசையும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. அ எழுதச் சுழியும் வளைவும் நேர்கோடும் ஒருசேர வேண்டும். புதுக் கைக்கு அது கடினம். ட எழுத இரண்டே கோடு: மேலிருந்து கீழே, பிறகு வலப்பக்கம். அங்கிருந்து கையை மேலே ஏற்றினால் ப. அதனால் பல ஆசிரியர்கள் ட, ப, ம என்றே தொடங்குகிறார்கள்.

பார்க்க வேண்டியது எழுதி முடித்த பக்கத்தை அல்ல, எழுதும் கையை. ட-வைக் கீழ் வலமுனையில் தொடங்கி மேல்நோக்கி எழுதினாலும் வடிவம் சரியாகவே தெரியும். வேகமாக எழுதும் காலத்தில்தான் கை தடுமாறும். மாலையில் நோட்டைத் திருத்துபவருக்கு இது புலப்படாது, பக்கத்தில் உட்கார்ந்தவருக்கே புலப்படும். புள்ளிகளை இணைக்கும் பயிற்சித் தாளிலும் தொடங்கும் இடத்தையும் திசையையும் குறித்திருக்க வேண்டும்.

ண, ன இரண்டிலும் பிள்ளைகளுக்குச் சுழிக் கணக்கு தவறும். மூன்று சுழி, இரண்டு சுழி என்று எண்ணிக்கொண்டே எழுதினால் நிற்கும். ‘கொ’ என்னும்போது காதில் முதலில் விழுவது க், எழுத வேண்டியதோ கொம்பு. ‘கொம்பு, க, கால்’ என்று வாய்விட்டுச் சொல்லவைப்பது நல்ல வழி. 1978-இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தால் ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்றவற்றின் தனி வடிவங்கள் நீங்கி, பிள்ளைகளின் சுமை குறைந்தது.

ஒரே எழுத்தைப் பக்கம் முழுக்க எழுதச் சொன்னால், மேல் வரி நன்றாக இருக்கும், போகப்போகக் கோணும். பிள்ளை மாதிரியை விட்டுத் தன் முந்தைய வரியைப் பார்த்து எழுதத் தொடங்குவதே காரணம். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் மாதிரி எழுதிக்கொடுத்து, நாலைந்து முறை எழுதவைத்தால் போதும். தண்டனையாக எழுதவைப்பது எழுத்தின் மீதே வெறுப்பை வளர்க்கும். இடக்கைப் பிள்ளையைக் கை மாற்றச் சொல்லக் கூடாது. நோட்டைச் சற்று இடப்பக்கம் தள்ளி, வலப்புறமாகச் சாய்த்து வைத்தால் எழுதியது கையால் மறையாது.