ஒமைக்ரானின் சொந்த ஊர்

ஒமைக்ரான் எங்கே பிறந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. எங்கே பிடிபட்டது என்று தெரியும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதில் தென்னாப்பிரிக்கா பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இப்பவும் ஆத்திரம் வருது.

2021 நவம்பர். ஜொகன்னஸ்பர்க், பிரிட்டோரியா எல்லாம் இருக்கும் கௌதெங் மாகாணம். அங்கே பயன்பாட்டில் இருந்த ஒரு பிசிஆர் சோதனை, வைரஸின் மூன்று மரபணுக்களைத் தேடும். திடீரென்று பல மாதிரிகளில் இரண்டுதான் சிக்கின. ஸ்பைக் புரதத்துக்கான மரபணு சிக்கவில்லை. ஊரெல்லாம் டெல்டா இருந்த காலம். டெல்டாவில் அது சிக்கும். 'கிட் சரியில்லை' என்று தூக்கிப் போட்டிருக்கலாம். போடவில்லை. மரபணு வரிசையை முழுதாகப் படித்தார்கள். ஸ்பைக்கில் மட்டும் முப்பதுக்கும் மேல் மாற்றங்கள். போட்ஸ்வானாவிலும் அதே கதை. நவம்பர் 25 அன்று துலியோ டி ஒலிவேராவும் சக விஞ்ஞானிகளும் உலகத்துக்கு அறிவித்தார்கள். மறுநாள் உலக சுகாதார நிறுவனம் பெயர் வைத்தது.

இத்தனை மாற்றம் எப்படிச் சேர்ந்தது? இந்த வைரஸின் மரபணு ஏறக்குறைய 30,000 எழுத்து. நகலெடுக்கும்போது பிழை விழும். ஆள்விட்டு ஆள் தாவும் ஒரு வரிசையில் மாதத்துக்குச் சுமார் இரண்டு பிழைதான் நிலைக்கும். ஒமைக்ரானோ டெல்டாவின் பிள்ளையே இல்லை. 2020இன் நடுவிலேயே பிரிந்துபோன கிளை. ஒரு வருஷத்துக்கு மேல் எங்கே ஒளிந்திருந்தது? எலி மாதிரியான விலங்குகளில் என்கிறார்கள் சிலர். பரிசோதனை எட்டாத ஊர்களில் என்கிறார்கள் வேறு சிலர். எனக்கு நம்பும்படி இருப்பது மூன்றாவது விளக்கம்: எதிர்ப்பு சக்தி குன்றிய ஒருவரின் உடல். அங்கே வைரஸ் முழுசாக அழியாது, நிம்மதியாகவும் இருக்காது. அரைகுறை எதிர்ப்பில் தப்பியது மட்டும் பெருகும், அதிலும் தப்பியது மறுபடி பெருகும். மாதக்கணக்கில் இது நடந்தால் பிழைகள் மளமளவென்று சேரும்.

ஆனால் அறிவிப்பு வந்த அன்று இரவே பிரிட்டன் தென்னாப்பிரிக்காவோடு சேர்த்து ஆறு நாடுகளின் விமானங்களை நிறுத்துவதாக அறிவித்தது. அமெரிக்காவும் ஐரோப்பாவும் பின்னாலேயே வந்தன. நவம்பர் 30 அன்று நெதர்லாந்து ஒரு தகவல் சொன்னது: நவம்பர் 19, 23 தேதிகளில் அங்கே எடுத்த மாதிரிகளிலேயே ஒமைக்ரான் இருந்திருக்கிறது! ஆம்ஸ்டர்டாமுக்குப் பிரிட்டனோ அமெரிக்காவோ கதவடைக்கவில்லை.

1918இலும் இதேதான். போரில் சேராத ஸ்பெயினின் பத்திரிகைகள் காய்ச்சலைப் பற்றி வெளிப்படையாக எழுதின, மன்னர் படுத்ததையும் சேர்த்து. போரிட்ட நாடுகள் தணிக்கை போட்டு மூடிவைத்தன. பெயர் மட்டும் ஸ்பெயினுக்கு.

டிசம்பர் 15 அன்று பிரிட்டன் தன் சிவப்புப் பட்டியலில் மிச்சமிருந்த 11 ஆப்பிரிக்க நாடுகளையும் நீக்கியது. அதற்குள் லண்டனிலேயே ஒமைக்ரான் டெல்டாவை முந்திக்கொண்டிருந்தது.