பன்றி ஈரலில் ஒரு குடித்தனம்

1955 இறுதியில் யமுனை தன் போக்கை மாற்றிக்கொண்டது. நஜஃப்கட் சாக்கடையின் கழிவு, டெல்லிக்குக் குடிநீர் எடுக்கும் வசீராபாத் வரை ஏறி வந்துவிட்டது. குளோரினைக் கூட்டினார்கள். டைபாய்டும் சீதபேதியும் பெருகவில்லை. ஆனால் சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. ஏற்கெனவே தெரிந்த ஹெபடைடிஸ் ஏ வகைதான் என்று எழுதி வைத்தார்கள். கால் நூற்றாண்டு கழித்து, பத்திரப்படுத்திய ரத்த மாதிரிகளைச் சோதித்தபோதுதான் அது ஏ இல்லை என்று தெரிந்தது.

1978-இல் காஷ்மீரில் அதே மாதிரி ஒரு காமாலை பரவியது. கர்ப்பிணிகள் அதிகமாக இறப்பதைக் கவனித்து, இது புது நோய் என்று சொன்னவர் முகம்மது சுல்தான் குரூ. ஆளைப் பிடித்துக் காட்டியவரோ சோவியத் விஞ்ஞானி மிகயில் பலாயன். ஆப்கானிஸ்தானில் இருந்த சோவியத் படைவீரர்களின் மலத்திலிருந்து எடுத்த கரைசலை அவரே குடித்தார். காமாலை வந்து படுத்தார். தன் மலத்திலேயே அந்த வைரஸை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டார். 1983-இல் அந்த ஆய்வு வெளியானது. இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் இதற்குக் கையெழுத்துப் போடாது.

'ஹெபடைடிஸ் ஈ' என்று பெயர் வைத்த பிறகும் பணக்கார நாடுகள் அலட்டிக்கொள்ளவில்லை. சாக்கடை கலந்த தண்ணீர் குடிப்பவர்களின் நோய், மிஞ்சிப்போனால் அங்கே சுற்றுலா போய்வந்தவர்களின் நோய் என்றே நினைத்தன. அந்த மிதப்பை 1997-இல் அமெரிக்கப் பன்றிகள் உடைத்தன: அவற்றிடமும் இந்த வைரஸ் இருந்தது. பண்ணைக் குட்டிகள் இரண்டு மூன்று மாத வயதிலேயே வைரஸை வாங்கிக்கொள்கின்றன. நோய் எதுவும் தெரியாது. ஈரலில் பெருகி, பித்தநீரோடு குடலுக்கு இறங்கி, சாணத்தில் வெளியேறுகிறது. அமெரிக்க நோயாளிகளிடம் கிடைத்த வைரஸும் இந்தப் பன்றி வைரஸின் நெருங்கிய உறவாக இருந்தது. இந்தியாவில் கதை வேறு: இங்கே பன்றிகளிடம் இருப்பது நான்காம் மரபணு வகை, மனிதர்களைப் படுக்கவைப்பது பெரும்பாலும் முதலாம் வகை. இரண்டும் ஒரே ஊரில் தனித்தனியாகப் புழங்குகின்றன.

விலங்கின் கறி வழியாக மனிதருக்குத் தொற்றுகிறது என்ற சந்தேகம் வேறு, சாட்சி வேறு. சாட்சி ஜப்பானில் கிடைத்தது, அதுவும் ஒரு குளிர்பெட்டியில். ஹ்யோகோ மாகாணத்தில் இரண்டு குடும்பங்களைச் சேர்ந்த நால்வருக்குக் காமாலை. ஆறேழு வாரங்களுக்கு முன் அவர்கள் மான் இறைச்சியைப் பச்சையாகச் சாப்பிட்டிருந்தார்கள். இந்த வைரஸ் இரண்டு மாதம்வரைகூடப் பதுங்கியிருக்கும் என்பதால், என்ன சாப்பிட்டோம் என்று நோயாளி நினைவுகூர்வதே அபூர்வம். மிச்சக் கறி கையில் இருப்பது அதைவிட அபூர்வம். இவர்கள் மிச்சத்தை உறைநிலையில் வைத்திருந்தார்கள். கறியில் இருந்த வைரஸும் நோயாளிகளின் ரத்தத்தில் இருந்ததும் மரபணு வரிசையில் அச்சு அசலாக ஒன்றே. அந்த மானை உண்ணாத, அல்லது பெயருக்குத் தொட்டுப் பார்த்த உறவினர்கள் தப்பினார்கள். 2003-இல் வெளியான இந்த ஆய்வை என்னால் துப்பறியும் கதை போலத்தான் படிக்க முடிகிறது.

அதே ஆண்டில் வெளியான இன்னொரு ஆய்வில், ஜப்பானின் ஹொக்கைடோ கடைகளில் விற்ற பன்றி ஈரல் பொட்டலங்கள் 363-ஐச் சோதித்ததில் 7-இல் வைரஸ் இருந்தது. பிரான்சில், கோர்சிகாத் தீவின் ஃபிகதெல்லி என்ற பன்றி ஈரல் சாசேஜைப் பச்சையாகத் தின்றவர்களும் மாட்டிக்கொண்டார்கள். 2015-இல் ஜப்பான் பச்சைப் பன்றிக்கறியும் ஈரலும் பரிமாறத் தடை போட்டது. மேலே வதங்கி உள்ளே சிவந்திருக்கும் ஈரலிலும் வைரஸ் பிழைக்கும். கறியின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் வெந்தால்தான் அது முற்றிலும் செயலிழக்கிறது என்று பிரெஞ்சு ஆய்வு ஒன்று காட்டியது.