பத்து நாளில் பிறந்த மொழியும் பாதியில் நின்ற ஆராய்ச்சியும்



நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி ஈரம் மிக்கது. குவித்து வைத்தால் தானே தீப்பற்றும் இயல்புடையது. ஆதலின் வெட்டியதை நெடுநாள் சேமித்து வையாமல், கன்வேயர் பட்டையில் ஏற்றி அருகிலுள்ள அனல்மின் நிலையத்துக்கு அனுப்பிவிடுகின்றனர். கணிப்பொறி உலகிலும் இத்தகைய முறை ஒன்று உண்டு. நிரலை முன்னரே பொறிமொழியாக மாற்றிச் சேமியாமல், வேண்டும் நேரத்தில் மாற்றிக்கொள்ளும் முறை அது. ‘ஜஸ்ட் இன் டைம்’ என்று அதனை வழங்குவர்.

கருத்து பழையதே. 1960-இல் ஜான் மக்கார்த்தி, தம் லிஸ்ப் மொழி பற்றிய கட்டுரையில், மொழிமாற்றம் மிக விரைவில் முடிவதால் அதன் விளைவைச் சேமித்து வைக்கவே தேவையில்லை என்று குறிப்பிட்டார்.

இடர்ப்பாடு வேறோரிடத்தில் இருந்தது. ‘அ + ஆ’ என்று ஒருவர் எழுதுகிறார் எனக் கொள்வோம். சி மொழியில் அவ்விரண்டும் எண்கள் என்று முன்னரே அறிவித்திருப்பார். வகையை அறிவிக்காத மொழிகளிலோ எதுவும் வரலாம். 2, 3 வந்தால் விடை 5. ‘நெய்’, ‘வேலி’ வந்தால் ‘நெய்வேலி’. வந்தது யாது என ஒவ்வொரு முறையும் சோதித்த பின்னரே செயல் நடைபெறும். வேகம் எங்ஙனம் வரும்?

விடை தேடியவர்கள் ‘செல்ஃப்’ என்னும் மொழியின் ஆய்வாளர்கள். 1986-இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் டேவிட் அங்கரும் ராண்டல் ஸ்மித்தும் அதனை வகுத்தனர். பின்னர் ஸ்டான்ஃபோர்டிலும் சன் நிறுவனத்திலும் அது வளர்ந்தது. எதுவும் வரலாம் என்றாலும், ஓரிடத்தில் பெரும்பாலும் ஒரே வகைதான் வருகிறது என்பதே அவர்கள் பற்றிக்கொண்ட உண்மை. ஆகவே, நிரல் ஓடும்போதே கவனித்து, அடிக்கடி வரும் வகைக்கென விரைவான பொறிமொழியை ஆக்கினர். முகப்பில் ஒரு சிறு காவலும் வைத்தனர். ஊகம் பொய்த்தால் அதனை விட்டுப் பழைய மெதுவான வழிக்குத் திரும்பலாம். திரும்புவதற்கு வழி வைத்தமையால்தான் துணிந்து ஊகிக்க முடிந்தது. இவ்வாராய்ச்சியின் அழகு அதிலேயே இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஆயினும் செல்ஃபைப் பயன்படுத்தியோர் மிகச் சிலர். 1995-இல் சன் நிறுவனம் அப்பணியை நிறுத்திவிட்டது.

அதே 1995-இல், மே மாதத்தில், நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஒரு மொழியின் முதல் வடிவை எழுதி முடித்தார். அதுவே ஜாவாஸ்கிரிப்ட். அதுவும் வகை அறிவிக்காத மொழி. வேகத்தை எண்ணிப் பார்க்க அவருக்கு அப்போது பொழுதேது! இணையப் பக்கங்களில் சிறு வேலைகளுக்கு அது போதுமானதாயிருந்தது. அஞ்சலும் வரைபடமும் உலாவிக்குள் வந்தபோது திணறிற்று.

2008 செப்டம்பரில் கூகுள் வெளியிட்ட குரோம் உலாவியின் உள்ளே வி8 என்னும் இயந்திரம் இருந்தது. அதனை ஆக்கிய குழுவின் தலைவர் லார்ஸ் பாக், முன்னர்ச் சன் நிறுவனத்தில் செல்ஃப் பணியில் இருந்தவர். யாரும் வேண்டாத மொழிக்கென ஆய்ந்து கண்ட முறைகள், உலகம் முழுதும் வழங்கும் மொழியில் புகுந்தன. 2010 டிசம்பரில், ஊகித்து ஆக்கி, பிழைத்தால் திரும்பும் முறையையும் வி8 மேற்கொண்டது.

தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுத உதவும் ‘எழில்’ என்னும் மொழி, ஆணைக்கு ஆணை பொருள் கூறிச் செல்வது. அது பைத்தான் மொழியின்மேல் அமைந்தது. அந்தப் பைத்தானின் 3.13 ஆம் பதிப்பில், 2024 அக்டோபரில், வேண்டும்போது மொழிமாற்றும் உறுப்பொன்று சோதனையாகச் சேர்க்கப்பட்டது. வேண்டுவோர் தாமே முயன்று அதனை இயக்கிக்கொள்ள வேண்டும்.