ஐந்து வரிசையா, ஏழு வரிசையா?

எத்தனால் என்றாலே பிரேசிலைப் பாருங்கள் என்கிறார்கள். 2023 செப்டம்பரில் டெல்லி ஜி20 மாநாட்டில் இந்தியாவும் பிரேசிலும் அமெரிக்காவும் சேர்ந்து உலக உயிரி எரிபொருள் கூட்டணியைத் தொடங்கியபோதும் இதே பேச்சுதான். பார்ப்போம். ஆனால் கரும்புக் காட்டுக்குள் நின்று பார்ப்போம்.

1973இல் எண்ணெய் விலை எகிறியபோது பிரேசில் தன் தேவையில் சுமார் 80 சதவீதத்தை இறக்குமதி செய்துகொண்டிருந்தது. மறுபக்கம், 1974இல் உச்சம் தொட்ட சர்க்கரை விலை சரிந்தது. 1975 நவம்பரில் கெய்சலின் இராணுவ அரசு 'புரோஆல்கூல்' திட்டத்தை அறிவித்தது. நாட்டுக்கு எரிபொருள் என்பது பேச்சு. மலிவுக் கடனும் உறுதியான கொள்முதலும் கிடைத்தது ஆலை முதலாளிகளுக்கு. 1980களின் நடுவில் விற்பனையான புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது ஆல்கஹாலில் ஓடின.

கரும்பை வெட்டியவர்கள் நிலமற்ற கூலிகள். கறுப்பின, கலப்பின மக்கள் அவர்களில் ஏராளம். 1888இல் அடிமைமுறையை ஒழித்த சட்டம் விடுதலை பெற்றவர்களுக்கு ஒரு துண்டு நிலம்கூடத் தரவில்லை. விடியுமுன் கட்டிய சோற்றை வயலில் ஆறிப்போய்த் தின்பதால் அவர்களுக்கு 'போயா ஃபிரியா', ஆறிய சோறு என்று பெயர். உழைப்பவரை இப்படிப் பெயர் வைத்து அழைக்கும் திமிர் நமக்குப் புதிதா என்ன?

ஒரு வெட்டாளி ஐந்து வரிசைக் கரும்பை வெட்டி, நடு வரிசையில் சுமந்துவந்து அடுக்குவார். கூலி வெட்டிய அளவுக்கு. சாவோ பாவ்லோ மாநில ஆலைகள் இதை ஏழு வரிசையாக்கின. ஓரத்திலிருந்து நடுவுக்குச் சுமக்கும் தூரம் கூடியது, வேகம் குறைந்தது, கூலி விழுந்தது. காகிதத்தில் வெறும் இரண்டு வரிசைதான். 1984 மே மாதம் குவாரிபா நகரில் வெட்டாளிகள் வேலையை நிறுத்தித் தெருவில் இறங்கினார்கள். போலீஸ் சுட்டதில் ஒருவர் செத்தார். ஆலைகள் ஐந்து வரிசைக்குத் திரும்பின. இராணுவ ஆட்சி இன்னும் போகாத காலம் அது என்பதை மறக்கக் கூடாது.

2007 மார்ச்சில் புஷ்ஷும் லூலாவும் எத்தனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். தன் மக்காச்சோள எத்தனாலைக் காக்க அமெரிக்கா போட்டிருந்த காலனுக்கு 54 சென்ட் வரி மட்டும் 2011 முடியும்வரை நகரவில்லை. அதே 2007 ஜூலையில், பாரா மாநிலக் கரும்புத் தோட்டம் ஒன்றில் அடிமை நிலையில் கிடந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் மீட்டார்கள்.

இங்கே பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். அதில் ஒரு பங்கு கரும்பிலிருந்து வருகிறது. மராட்டியத்தில் முன்பணம் கொடுத்து, கணவனையும் மனைவியையும் சேர்த்து ஒரே ஆளாக எண்ணி வேலைக்கு எடுக்கிறார்கள். அந்த ஜோடிக்குப் பெயர் 'கோய்தா', அரிவாள்.