பிடித்து நிறுத்தும் கலை: ரோலர் கோஸ்டரின் மறைவான பொறிகள்

ரோலர் கோஸ்டரின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் உயரத்தையும் வேகத்தையும் வைத்தே காலவரிசை அமைக்கிறார்கள். எந்த ஆண்டில் எது உலகிலேயே உயரமானது, எது வேகமானது என்று பட்டியல் நீள்கிறது. அந்தப் பட்டியல் பூங்காக்களின் விளம்பரத்துக்கு உதவும். வளர்ச்சியின் காரணத்தை விளக்காது. பயணியின் கண்ணில் படாத இடங்களில், பெட்டிக்கு அடியிலும் தண்டவாளங்களுக்கு நடுவிலும், என்னென்ன பொருத்தப்பட்டன என்று தேடினால் வேறொரு வரிசை கிடைக்கிறது. வண்டியைப் பிடித்து வைக்கவும் நிறுத்தவும் புது வழி கிடைத்த பிறகே சரிவுகள் செங்குத்தாகியிருக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

18ஆம் நூற்றாண்டில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வட்டாரத்தில் குளிர்காலந்தோறும் மரச்சாரம் கட்டி, அதன்மேல் நீரூற்றி உறையவைத்துச் சறுக்குமேடை அமைத்தார்கள். இந்தக் கேளிக்கை ‘ரஷ்ய மலைகள்’ என்ற பெயரில் பாரிசுக்குப் போனபோது பனிக்குப் பதில் சக்கரம் வேண்டியிருந்தது. 1817இல் பெல்வில் பகுதியில் திறந்த சரிவில், வண்டியின் அச்சுமுனைகள் தடத்தின் இருபுறமும் வெட்டிய பள்ளத்துக்குள் ஓடின. வண்டி எகிறி வெளியே விழ வழியில்லை. பிடிமானம் என்ற எண்ணம் சக்கரத்தோடு சேர்ந்தே வந்துவிட்டது.

அடுத்த கட்டம் கேளிக்கைக்குத் தொடர்பே இல்லாத இடத்தில் நடந்தது. பென்சில்வேனியாவின் மாக் சங்க் மலையில் 1827 முதல் நிலக்கரி வண்டிகள் ஈர்ப்புவிசையால் கீழே உருண்டன. காலிப் பெட்டிகளை மேலே இழுக்கும் கோவேறு கழுதைகளும் இறக்கத்தில் வண்டியேறி வந்தன. 1840களில் நீராவி எஞ்சின் வைத்து ஏற்றத்தில் இழுக்கத் தொடங்கியபோது, இழுக்கும் பட்டை அறுந்தால் என்னாவது என்ற கேள்வி எழுந்தது. தண்டவாளங்களுக்கு நடுவே பல்வைத்த சட்டம் ஒன்றைப் பதித்தார்கள். அதில் உரசிக்கொண்டே ஏறும் இரும்பு நாக்கு பல்பல்லாக மேலே தாவும். பின்னால் நழுவினால் அடுத்த பல்லிலேயே மாட்டிக்கொள்ளும். 1870களில் இந்த நிலக்கரித் தடம் சுற்றுலாப் பாதையானது.

லாமார்க்கஸ் தாம்ப்சன் 1884இல் கோனி தீவில் திறந்த சவாரியில் இந்த நாக்குகூடக் கிடையாது; தேவைப்படவும் இல்லை. சுமார் 15 மீட்டர் உயரக் கோபுரத்தில் பயணிகள் படியேறி உட்கார்ந்தார்கள். வண்டி மணிக்குப் பத்து கிலோமீட்டர் அளவில் ஊர்ந்தது. மறுமுனையில் எல்லோரும் இறங்க, ஆட்கள் அதைத் தள்ளி அடுத்த கோபுரத்தில் ஏற்றினார்கள். ஐந்து சென்ட் கொடுத்துக் கூட்டம் அலைமோதியது என்றாலும், பொறியியல் கண்ணுக்கு இது பாரிசைவிட அதிகம் முன்னேறியதாகத் தெரியவில்லை.

உண்மையான திருப்பம் ஜான் மில்லரோடு வருகிறது. தாம்ப்சனிடம் வேலை பழகி, நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகள் பெற்றவர் இவர். மாக் சங்க்கின் நாக்கைச் செம்மைப்படுத்தி 1910இல் காப்புரிமை பெற்றார்; சங்கிலி ஏற்றத்தில் இன்றும் கேட்கும் ‘டக் டக்’ ஒலி அதனுடையதே. பயத்தைக் கூட்டுவதற்காகப் போட்ட சத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னால் போகாது என்று அது சொல்லிக்கொண்டே ஏறுகிறது.

1919இல் அவர் காப்புரிமை பெற்றது இதைவிட முக்கியமானது. மேலே ஓடும் சக்கரம், பக்கவாட்டில் அணைக்கும் சக்கரம் ஆகியவற்றோடு, தண்டவாளத்தின் அடிப்பக்கத்தைப் பற்றும் அடிச்சக்கரம். அதுவரை அமெரிக்கச் சவாரிகளில் வண்டியைத் தடத்தில் வைத்திருந்தது பெரும்பாலும் அதன் எடைதான். ஆகவே மேட்டின் உச்சியில் வேகம் கூடினால் வண்டி கிளம்பிவிடும் என்று அஞ்சிச் சரிவைத் தணித்தே கட்டினார்கள். அடிச்சக்கரம் வந்த மறு ஆண்டே பிட்ஸ்பர்க் அருகே கென்னிவுட்டில் மில்லரின் ஜாக் ராபிட் எழுந்தது. அதன் இரட்டைப் பள்ளத்தில் பயணி இருக்கையைவிட்டு மேலெழுவார், வண்டி எழாது. அது இப்போதும் ஓடுகிறது. 1920களில் அமெரிக்காவில் செங்குத்துச் சரிவுகள் பெருகியதற்குப் பணப்புழக்கத்தைக் காரணம் காட்டுவார்கள். அடிச்சக்கரம் இல்லாமல் பணம் மட்டும் என்ன செய்திருக்கும்?

தலைகீழ் வளையத்தில் சிக்கல் வேறுவகை. 1895இல் கோனி தீவின் ஃபிளிப் ஃபிளாப் சவாரி 25 அடி விட்டமுள்ள வட்ட வளையத்தில் ஆளைச் சுழற்றியது, கழுத்துவலியோடு இறங்கினார்கள். கணக்கு எளிது. வட்டத்தின் உச்சியை விழாமல் கடக்கத் தேவையான குறைந்தபட்ச வேகத்தோடு வந்தாலே, அடியில் உடல் தன் எடையைப்போல் ஆறு மடங்கை உணரும். அதுவும் நேர்தடத்திலிருந்து வட்டத்துக்குள் நுழைந்த அந்தக் கணமே. 1976இல் கலிஃபோர்னியாவின் மேஜிக் மவுண்டனில் அன்டன் ஷ்வார்ட்ஸ்கோஃப் கட்டிய ரெவல்யூஷனுக்கு வெர்னர் ஸ்டெங்கல் கண்ணீர்த்துளி வடிவ வளையத்தைக் கணக்கிட்டுத் தந்தார். அடியில் வளைவின் ஆரம் பெரிது, உச்சியில் சிறிது. விசை படிப்படியாக ஏறி இறங்கும். ரயில்பாதை நேர்தடத்திலிருந்து வளைவுக்குத் திரும்பும் இடங்களில் பொறியாளர்கள் நெடுங்காலமாகப் போட்டுவந்த கோடுதான் இது.

இனி நிறுத்துவது. பழைய சவாரிகளில் வண்டியிலேயே ஒரு பிரேக்மேன் நின்று நெம்புகோலை இழுப்பார். மெல்பர்னின் லூனா பார்க்கில் 1912இல் திறந்த சவாரியில் இன்றும் அப்படித்தான். 1959இல் டிஸ்னிலேண்டின் மேட்டர்ஹார்ன் இந்தப் பொறுப்பைத் தடத்துக்கே மாற்றியது. ஏரோ நிறுவனம் வளைத்துக்கொடுத்த எஃகுக் குழாய்த் தடத்தைத்தான் எல்லோரும் பாராட்டுகிறார்கள். தடத்தைப் பகுதிபகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரே வண்டி என்ற ரயில்வே விதியை அங்கே புகுத்தியதே பெரிய செயல் என்பேன். முன்பகுதி காலியாகாவிட்டால் பின்வண்டி பிரேக்கில் நிற்கும். ஒரே தடத்தில் பல வண்டிகள் ஓட முடிந்ததும், வரிசையில் நின்றவர்கள் விரைவாக ஏறியதும் இதனால்தான்.

1990களில் காந்தப் பிரேக் பரவியது. நிலைக்காந்தங்களுக்கு இடையே செம்புத் தகடு பாயும்போது அதில் தூண்டப்படும் மின்னோட்டமே இயக்கத்தை எதிர்க்கும். வெளியிலிருந்து மின்சாரம் தேவையில்லை. நின்றுவிட்ட வண்டியை மட்டும் அதனால் பிடித்துவைக்க முடியாது. 2005இல் நியூ ஜெர்சியில் திறந்த கிங்டா கா 139 மீட்டர் உயரக் கோபுரத்தை நோக்கி மணிக்கு 206 கிலோமீட்டரில் வண்டியை எறிந்தது. வண்டி சிலவேளை உச்சியைத் தொடாமல் பின்னோக்கியே திரும்பும். அதற்காக, அது கடந்த உடனே பாய்ச்சுதடத்தில் பிரேக் தகடுகள் மேலெழுந்து நின்றன. 2025இல் அந்தக் கோபுரத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

இந்தப் பொறிகள் அனைத்தும் சரியாக வேலைசெய்தும் விபத்து நேர்ந்திருக்கிறது. 2015 ஜூன் 2 அன்று இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸில், ஸ்மைலர் சவாரியின் தடத்தில் ஒரு காலிவண்டி நின்றுபோனது. கணினி அதை அறிந்து, ஆட்கள் நிறைந்த பின்வண்டியை நிறுத்திவைத்தது. தடத்தில் ஓடும் வண்டிகளின் எண்ணிக்கையைத் தவறாகக் கருதிய பொறியாளர்கள், கணினிதான் பிழைசெய்கிறது என்று முடிவுகட்டி அந்தத் தடையை விலக்கினார்கள். மோதலில் 16 பேர் காயமடைந்தனர்; இளம்பெண்கள் இருவர் தலா ஒரு காலை இழந்தனர். விசாரணை பணியாளர்கள் மேல் பழிபோடவில்லை. தடையை யார், எந்தச் சோதனைக்குப் பிறகு விலக்கலாம் என்ற நடைமுறையை வகுக்காத குற்றத்துக்காக, 2016இல் நீதிமன்றம் உரிமையாளரான மெர்லின் நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது.